ஒரு கம்பம் ஓட்டம், ரெண்டு கம்பம் நடை

தம்பிகளே, தங்கச்சிகளே,

நாற்பது வயசைத் தாண்டி, நாள் முழுக்க உட்கார்ந்தே பொழப்பு நடத்துற உங்களுக்குத்தான் இதை எழுதறேன். கடைக் கல்லாவில இருக்கறவங்க, தையல் மெஷின் மிதிக்கறவங்க, பஸ்ஸும் லாரியும் ஓட்டறவங்க, ஆபீஸ் நாற்காலியில இருக்கறவங்க, பக்கத்துத் தெருவுக்குக்கூட ஸ்கூட்டியை எடுக்கறவங்க. காட்டு வேலைக்குப் போய் கடலைக்காய் பிடுங்கி, களை வெட்டிட்டு சாயங்காலம் திரும்பறவங்களுக்கு இது வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது ஓய்வு. நம்மைப் பத்தித்தான் பேச்சு.

நான் இருபத்திரண்டு வருஷம் தையல் மெஷின் முன்னாடி உட்கார்ந்தவ. நாற்பத்தெட்டாவது வயசுல சர்க்கரை இருக்குன்னு சொன்னாங்க. அப்ப எங்க வீட்டு மாடிப்படி பதினாலு ஏறினாலே மூச்சு வாங்கும். இப்ப ஐம்பத்தஞ்சு. வாரத்துக்கு மூணு நாள், நாலு கிலோமீட்டர் ஓடறேன். டாக்டர் மாத்திரையைக் குறைச்சிருக்கார். நிறுத்தலை, குறைச்சிருக்கார். ஓடினா சர்க்கரை நோயே போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா உடம்பு நம்ம கைக்குத் திரும்பி வரும். அதை நான் பார்த்துட்டேன்.

இந்த ஏழு வருஷத்துல எங்க தெருவுல நிறைய பேரு ஓட ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல விட்டதையும் பார்த்திருக்கேன். பெரும்பாலானவங்க விட்டதுக்குக் காரணம் ஒண்ணுதான்: வேகமா ஓடினாங்க. அதனால நான் சொல்லப் போறது முழுக்க ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் வரும். மெதுவா ஓடுங்க. நீங்க நினைக்கற மெதுவைவிட இன்னும் மெதுவா.

என் தம்பியையே சொல்றேன். வயசு நாற்பத்தாறு, ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். பள்ளிக்கூடத்துல கபடி ஆடினவன். போன தை மாசம், "அக்கா, நானும் வர்றேன்"னு நாங்க ஓடற மைதானத்துக்கு வந்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா இறங்கின உடனே பதினாறு வயசுப் பையன் மாதிரி பாய்ஞ்சான். ரெண்டு சுத்து அப்படியே. மூணாவது சுத்துல கோல் கம்பத்துக்கிட்ட கெண்டைக்கால்ல சுருக்குன்னு பிடிச்சு, முட்டியைப் பிடிச்சுட்டுக் குனிஞ்சு நின்னான். முகம் வெளுத்துப் போச்சு. மூக்கு நுனியில இருந்து வேர்வை மண்ணுல சொட்டிச்சு. பேசச் சொன்னா பேச்சு வரலை. மூணு வாரம் நொண்டினான். "நம்ம வயசுக்கு இதெல்லாம் ஆகாதுக்கா"ன்னான்.

வயசு மேல பழியைப் போடறது தப்பு. உடம்புக்குள்ள ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல பழகும். இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே பழகிடும். தசைக்கு அதைவிடக் கொஞ்சம் நாள் ஆகும். தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற தசைநாணும், எலும்பும் பழகறதுக்கு மாசக்கணக்கா ஆகும். அதனாலதான் மூணாவது வாரத்துல "மூச்சு நல்லா இருக்கே, இன்னும் கொஞ்சம் ஓடலாமே"ன்னு தோணும்போது குதிகாலும் முட்டியும் கெஞ்ச ஆரம்பிக்குது. மூச்சு சொல்றதை மட்டும் கேட்டு ஓடாதீங்க.

சரி, எவ்வளவு மெதுவா? எங்க ஓட்டக் கூட்டத்தோட கணக்கு இதுதான்: பக்கத்துல ஓடறவங்ககிட்ட, "இன்னிக்கு உங்க வீட்டுல என்ன குழம்பு?"ன்னு முழு வாக்கியமா கேட்க முடியணும். பதிலையும் கேட்டு, "அதுல புளி கொஞ்சம் கம்மியாப் போடுங்க"ன்னு சொல்லவும் முடியணும். வார்த்தை வார்த்தையா உடைஞ்சு வந்தா வேகம் அதிகம். உடனே நடங்க. வேகமா நடக்கறவங்க நம்மைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. அதுவும் ஓட்டம்தான்.

கம்பக் கணக்கு

கையில வாட்ச் வேண்டாம், போன்ல ஆப் வேண்டாம். ரோட்டோரம் கரண்ட் கம்பம் இருக்கு, அது போதும்.

முதல் ரெண்டு வாரம் ஓடவே கூடாது. ஒரு நாளைக்கு முப்பது நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு நாள், கையை வீசி நடை மட்டும். இதைத் தாண்டிக் குதிக்காதீங்க. மூணாவது, நாலாவது வாரத்துல அஞ்சு நிமிஷம் நடந்துட்டு, ஒரு கம்பம் ஓட்டம், ரெண்டு கம்பம் நடை. இப்படி மொத்தம் இருபது நிமிஷம். ஓடற நாள் வாரத்துக்கு மூணுதான், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி விடணும். மத்த நாள்ல நடை. அஞ்சாவது, ஆறாவது வாரம் ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. அடுத்த ரெண்டு வாரம் ரெண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. அப்புறம் மூணு, நாலுன்னு கூட்டிட்டுப் போங்க. பன்னிரண்டு வாரத்துல பெரும்பாலானவங்க இருபது நிமிஷம் நிக்காம ஓடிடுவாங்க. ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதே வாரத்தை மறுபடியும் செய்யுங்க. நான் மூணாவது வாரத்தை நாலு தடவை செஞ்சேன். எனக்கு இருபது நிமிஷம் வர அஞ்சு மாசம் ஆச்சு.

ஓடும்போது காலை எட்டிப் போடாதீங்க. சின்னச் சின்ன அடியா, கால் உடம்புக்கு நேர் கீழ விழணும். தொப்பு தொப்புன்னு சத்தம் வந்தா அடி நீளமா இருக்குன்னு அர்த்தம். சத்தம் குறையற மாதிரி ஓடிப் பாருங்க, அடி தானா சரியாகும். கையை இறுக்கிப் பிடிக்காதீங்க. உள்ளங்கையில கோழிக்குஞ்சு இருக்கற மாதிரி வச்சுக்கோங்க. கை தளர்ந்தா தோளும் தளரும்.

உட்கார்ந்தே பழகின நடுவயசுக்காரங்க ஓடறது நாம கண்டுபிடிச்சது இல்லை. நியூசிலாந்து நாட்டுல ஆர்தர் லிடியார்ட்னு ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஒலிம்பிக் வீரர்களைத் தயார் செஞ்சவர். அவர் ஆக்லாந்து ஊர்ல, வயசானவங்களையும் இதய நோய் வந்தவங்களையும் சேர்த்து மெதுவா ஓட வச்சார். அமெரிக்காவுல ஓரிகான் பல்கலைக்கழகத்துல ஓட்டப் பயிற்சி கொடுத்துட்டிருந்த பில் பவர்மன், 1962 கடைசியில அங்க போனார். அப்ப அவருக்கு ஐம்பத்தொண்ணு. நாள் முழுக்க மத்தவங்களை ஓட வைக்கறவர், தான் ஓடறதில்லை. அந்தக் கூட்டத்தோட சேர்ந்து ஓடிப் பார்த்தா, மாரடைப்பு வந்து பிழைச்ச, எழுபது வயசைத் தாண்டின பெரியவர் ஒருத்தர் கூடவே அவரால போக முடியலை. அந்தப் பெரியவர் இவருக்காக வேகத்தைக் குறைச்சு, பேச்சுக் கொடுத்துட்டே கூட்டிட்டுப் போனார். பவர்மன் ஊருக்குத் திரும்பி, நடுவயசுக்காரங்களைக் கூப்பிட்டு ஓட வச்சார். ஒரு இதய டாக்டரோட சேர்ந்து 1967ல புத்தகமே போட்டார். ஜாகிங்ங்கற பழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவ அது ஒரு காரணம். அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது அந்தப் பெரியவர்தான். கூட வந்தவருக்காக வேகத்தைக் குறைச்சார் பாருங்க, ஓடத் தெரிஞ்ச எல்லாரும் புதுசா வர்றவங்களுக்குச் செய்ய வேண்டியது அதுதான்.

நம்ம மாநிலத்துலயே ஆள் இருக்கு. 2021ல தமிழ்நாட்டு சுகாதாரத் துறை அமைச்சராப் பொறுப்பேத்த மா. சுப்பிரமணியன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. 2004ல நடந்த சாலை விபத்துல கால் மோசமா அடிபட்டுச்சு. ஐம்பது வயசைத் தாண்டித்தான் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்தார். முதல் அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், 2014ல. அதுக்கப்புறம் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டிடுச்சு. 'ஓடலாம் வாங்க'ன்னு புத்தகமும் எழுதியிருக்கார். கட்சியை விடுங்க, யாருக்கு ஓட்டுப் போடறீங்கன்னு நான் கேட்கலை. அடிபட்ட காலையும் சர்க்கரையையும் வச்சுட்டு ஒருத்தர் ஐம்பதுக்கு மேல ஆரம்பிக்க முடியுதுன்னா, நமக்கு ஒரு கம்பம் ஓடறது எட்டாத விஷயமா?

முட்டி தேஞ்சிடுமா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. நல்ல முட்டி மெதுவா ஓடறதால தேயறதில்லை. 2017ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. உடம்பு நல்லாயிருக்கணும்னு அளவா ஓடறவங்கள்ல 100க்கு 3 அல்லது 4 பேருக்குத்தான் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்துச்சு. ஓடாம உட்கார்ந்தே இருக்கறவங்கள்ல 100க்கு 10 பேருக்கு. போட்டிக்குன்னு கடுமையா ஓடறவங்கள்ல 100க்கு 13 பேருக்கு. அளவுதான் முக்கியம்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. ஏற்கெனவே முட்டி தேஞ்சிருக்கு, வீங்குதுன்னா டாக்டரைக் கேட்டுட்டு நடையோட நிறுத்திக்கோங்க. நடையும் சின்ன விஷயம் இல்லை.

ஆனா நம்ம பென்னாகரத்துக்காரங்களுக்கு வேற ஊருக்கு இல்லாத ஒரு கேள்வி இருக்கு. அது தண்ணி. நம்ம தர்மபுரி மாவட்டத்துல நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிதண்ணியில 1.5 மில்லிகிராமுக்கு மேல அது போகக் கூடாது. இங்க நிறைய போர் தண்ணி, கிணத்துத் தண்ணியில அதைத் தாண்டி இருந்துச்சு. நம்ம வயசுக்காரங்க பல் காவி படிஞ்ச மாதிரி இருக்கறது அதனாலதான். பல்லோட நின்னா பரவாயில்லை, வருஷக்கணக்காக் குடிச்சவங்களுக்கு எலும்புலயும் இறங்கும். எலும்பு பார்க்க கெட்டியாத் தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள உடையற தன்மை கூடும். தசைநார்ல சுண்ணாம்பு சேர்ந்து முதுகும் கழுத்தும் விறைக்கும். சுமார் 1,900 கோடி ரூபாய்ல ஜப்பான் நாட்டுக் கடனோட கட்டின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல பயன்பாட்டுக்கு வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். ஆனா அதுக்கு முன்னாடி முப்பது நாற்பது வருஷம் நாம குடிச்சது எந்தத் தண்ணி?

அதனால ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே மூணு காரியம் செஞ்சு பாருங்க. தரையில ஒரு நாணயத்தைப் போட்டு, முட்டியை மடக்காம குனிஞ்சு எடுங்க. அப்புறம் தாடையை நெஞ்சுல தொடுங்க. அடுத்து ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, மடக்கி, பின்னந்தலையைத் தொடுங்க. மூணும் வலியில்லாம வந்தா நல்லது. கழுத்தோ முதுகோ விறைச்சு வரலைன்னா, அது சோம்பேறித்தனத்தால வந்த விறைப்பாவும் இருக்கலாம், ஃபுளோரைடாவும் இருக்கலாம். நீங்களே முடிவு பண்ணாதீங்க. அரசு மருத்துவமனையில காட்டி, சொல்லி, பார்த்துட்டு வாங்க. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணியையே பிடிச்சு வையுங்க. போர் தண்ணி துணி துவைக்க இருக்கட்டும். தண்ணி வரலைன்னு ஒரு நாள், ரெண்டு நாள் போர் தண்ணியைக் குடிச்சுக்கறதே வழக்கமா ஆயிடக் கூடாது.

சோத்தைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம், நம்ம ஊர்ச் சோறு நல்ல சோறு. 100 கிராம் கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். நெல்லிக்காயும் கீரையும் கூடச் சேர்ந்தா எலும்புக்கு நல்லது. களி தின்னுட்டு உடனே ஓடாதீங்க. ஓடிட்டு வந்து தின்னுங்க. ராத்திரி ஊற வச்ச கொள்ளு, கடலை, ஒரு முட்டை. போதும்.

சர்க்கரை, பிரஷர் இருக்கறவங்களுக்கு

இதைக் கவனமாப் படிங்க. நாட்டுல சர்க்கரை நோய் இருக்கறவங்க 10 கோடிக்கும் மேலன்னு 2023ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு சொல்லிச்சு. நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கறதே தெரியாது. நாற்பது தாண்டினவங்க ஓட்டத்துக்கு முன்னாடி பிரஷர், சர்க்கரை ரெண்டும் பாருங்க. அப்பா அம்மாவுக்கு மாரடைப்பு வந்திருந்தா, பீடி சிகரெட் பழக்கம் இருந்தா, ஏற்கெனவே சர்க்கரை இருந்தா, ஈ.சி.ஜி.யும் எடுத்து டாக்டர்கிட்ட "ஓடலாமா?"ன்னு நேரடியாக் கேளுங்க. 2021ல நம்ம பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கறாங்க. வரும்போது "அப்புறம் பார்த்துக்கலாம்"னு அனுப்பிடாதீங்க.

இன்சுலின் போடறவங்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டுனு இறங்கிடலாம். கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும், கண்ணு மங்கும், காரணமில்லாம கோபம் வரும். பையில குளுக்கோஸோ நாலு ஸ்பூன் சர்க்கரையோ பொட்டலம் கட்டி வச்சுக்கோங்க. கடலைமிட்டாய் வேண்டாம், அது ரத்தத்துல கலக்க நேரம் ஆகும். வெறுங்காலோட ஓடாதீங்க. ஓடி முடிச்சதும் சாக்ஸைக் கழட்டி, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூணையும் வெளிச்சத்துல பாருங்க. சர்க்கரைக்காரங்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. பிரஷர் மாத்திரையை, "ஓடறேனே, எதுக்கு?"ன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

நெஞ்சு அழுத்தினா, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினா, தலை சுத்தினா, மூச்சு நிக்காம இரைச்சா அங்கயே நில்லுங்க, உட்காருங்க, 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. "வாயுவா இருக்கும்"னு வீட்டுக்கு நடந்து போகாதீங்க. இதுல மட்டும் அக்கா பேச்சைத் தட்டாதீங்க.

மத்த வலிக்குக் கணக்கு வேற. ஓடின மறுநாள், அதுக்கு மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிச்சா அது தசை பழகற வலி. தானா போயிடும். ஒரே ஒரு இடத்துல, ஒரு கால்ல மட்டும், நாளுக்கு நாள் கூடிட்டே போனா ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்க. கெண்டைக்காலைத் தேத்தறதுக்கு ஒரு வழி சொல்றேன். அடுப்புல பால் காயற வரைக்கும் சமையல் மேடையைப் பிடிச்சுட்டு, குதிகாலை மெதுவாத் தூக்கி, மெதுவா இறக்குங்க. பதினஞ்சு தடவை. சாமி கும்பிடும்போது பிள்ளையாருக்குப் பத்துத் தோப்புக்கரணம் நிதானமாப் போடுங்க, தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. என் தம்பி கால் தேறினது இதனாலதான்.

தங்கச்சிகளுக்குத் தனியா

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா அக்கா?" வீட்டு வேலை உடம்பை அசத்தும், ஆனா இதயத்துக்கு இருபது நிமிஷம் தொடர்ந்து வேலை கொடுக்காது. அதுவும் மாதவிலக்கு நின்ன பிறகு நமக்கு எலும்பு வேகமா வலு இழக்கும். உடம்புப் பாரத்தைத் தாங்கி நடக்கறது, ஓடறது, படி ஏறறது, இதெல்லாம்தான் எலும்பைக் கெட்டியா வைக்கும்.

சேலையில ஓட வேண்டாம், தடுக்கும். சுடிதார் டாப்பும் டிராக் பேண்டும் போதும். துப்பட்டா வேணும்னா குறுக்கே இறுக்கிக் கட்டிக்கோங்க. ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு கட்டாயம் வாங்குங்க. மார்பு வலிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டுட்டு ஓட்டத்தையே விட்டவங்க எத்தனையோ பேர்.

யாரும் வெளியில பேசாத இன்னொண்ணு. ரெண்டு, மூணு பிள்ளை பெத்தவங்களுக்கு ஓடும்போது ஒண்ணுக்கு கசியும். எங்க கூட்டத்துல ஒரு தங்கச்சி இதனால ஆறு மாசம் வராம இருந்தா. காரணத்தைக் கேட்டு வாங்கறதுக்கே எனக்கு அவ்வளவு நாள் ஆச்சு. இது உங்களுக்கு மட்டும் இல்லை, ரொம்பப் பேருக்கு இருக்கு, சரி பண்ணவும் முடியும். ஒண்ணுக்கை அடக்கற மாதிரி இடுப்பு அடித்தளத் தசையை உள்ளிழுத்து அஞ்சு விநாடி வச்சு விடுங்க. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. யாருக்கும் தெரியாம தையல் மெஷின்ல உட்கார்ந்தே செய்யலாம். மூணு மாசம் விடாம செய்யணும். குறையலைன்னா பெண் டாக்டரைப் பாருங்க. அந்தத் தங்கச்சி இப்ப எங்களோட முழுசா ஓடறா.

ஊர் பார்க்குமேன்னு பயமா? பார்க்கும். மூணு நாள் பார்க்கும். நாலாவது நாள், "எத்தனை மணிக்குப் போறீங்க?"ன்னு கேட்கும். எங்க கூட்டம் அப்படித்தான் ரெண்டு பேர்ல இருந்து ஒன்பது பேர் ஆச்சு. தம்பிகளே, இது உங்களுக்கு: வீட்டுக்காரம்மா ஓடப் போற மூணு நாளும் பால் காய்ச்சறது, பிள்ளையை எழுப்பறது உங்க பொறுப்பு. அவங்க ஓடறதும் ஓடாததும் பாதி உங்க கையிலதான் இருக்கு.

எங்க ஓடறது

முதல்ல மைதானம். மண் தரை காலுக்கு நல்லது, வண்டி பயம் இல்லை. ரோட்டுல ஓடறவங்க வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்துட்டே ஓடுங்க. ஒகேனக்கல் போற டூரிஸ்ட் வண்டி விடியற்காலையிலயே வேகமா வரும். வெள்ளை, மஞ்சள்னு வெளிர் நிறத்துல போடுங்க. காதுல பாட்டு வேண்டாம். ஒகேனக்கல் ரோட்டுல காடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க. யானை ரோட்டைக் கடக்கற பக்கம் அது, இருட்டுல நமக்கு அங்க வேலையில்லை.

நாய் குரைச்சா ஓடாதீங்க. நின்னு, நேராப் பார்த்து முறைக்காம, மெதுவா நடந்து தாண்டுங்க. மீறிக் கடிச்சா சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்க.

ஷூ சாயங்காலம் போய் வாங்குங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், அளவு சரியா அமையும். பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். விலை பெருசா இருக்கணும்னு இல்லை. சித்திரை, வைகாசியில ஆறு மணிக்கு முன்னாடி முடிச்சிடுங்க. மார்கழிப் பனியில அஞ்சு நிமிஷம் கூடுதலா நடந்துட்டு ஓடுங்க, குளிர்ல தசை இளக நேரம் ஆகும்.

தர்மபுரிக்குப் போய் வர்றவங்களுக்கு ஒண்ணு: 2023 நவம்பர்ல அரசாங்கம் 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கிச்சு. தனியா ஆரம்பிக்கத் தயங்கறவங்க அங்க போய் நடந்து பாருங்க.

அஞ்சாவது வாரம்தான் ஆபத்தான வாரம். ஆசை தீர்ந்திருக்கும், பழக்கம் வந்திருக்காது. பெங்களூருல இருந்து பிள்ளைங்க வருவாங்க, கல்யாணம் வரும், மழை பெய்யும். அந்த வாரத்துக்குன்னு முன்னாடியே ஒரு ஆளைச் சொல்லி வையுங்க. நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கற ஆள். நாம எழுந்து போறது ஓட்டத்துக்காக இல்லை, வாசல்ல ஒருத்தங்க பனியில நிக்கறாங்களேன்னுதான். ஒரு வாரம் விட்டுப் போச்சுன்னா ரெண்டு வாரம் பின்னாடி போய் ஆரம்பிங்க, விட்ட இடத்துல இருந்து இல்லை.

உடம்பு எடை குறையலையேன்னு தராசைப் பார்த்து மனசு விடாதீங்க. அமெரிக்காவுல 55,000க்கும் மேற்பட்டவங்களைச் சராசரியா 15 வருஷம் கவனிச்சு 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஓடறவங்க இதய நோயால சாகற ஆபத்து, ஓடாதவங்களைவிட 45 சதவீதம் குறைவா இருந்துச்சு. ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிஷம், அதுவும் மெதுவா ஓடினவங்களுக்கே பலன் தெளிவாத் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம்னா எங்க மைதானத்துல ரெண்டு சுத்துகூட இல்லை.

என் தம்பி ஆடி மாசம் திரும்ப வந்தான். இந்தத் தடவை நான் பக்கத்துலயே இருந்தேன். ஒரு கம்பம் ஓட்டம், ரெண்டு கம்பம் நடை. வழியெல்லாம் சிமெண்ட் விலையைப் பத்திப் பேசிட்டே வந்தான். மூச்சு இரைக்கலை. போன வாரம் முழுசா இருபது நிமிஷம் ஓடினான்.

திங்கள், புதன், வெள்ளி காலையில அஞ்சே காலுக்கு நாங்க மைதானத்துல இருப்போம். புதுசா வர்றவங்களோட நான்தான் ஓடுவேன், அவங்க வேகத்துலயே. முதல் ரெண்டு வாரம் நடைதான், அதனால ஷூ இல்லைன்னாலும் வாங்க. வீட்டுல இருந்து குடிக்கத் தண்ணி மட்டும் எடுத்துட்டு வாங்க.